முதலிடத்தில் இருந்தது நானில்லை

வந்து நின்றவர்

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். தேடுபொறியில் ஓர் இணையதளத்தை மேலே கொண்டுவருவது எங்கள் தொழில். எஸ்இஓ என்றால் இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். எங்கள் கிளையன்ட்டுகள் பெங்களூரிலும் துபாயிலும் இருப்பவர்கள். திரையில்தான் பார்ப்போம், நேரில் யாரும் வருவதில்லை. அதனால் புர்கா அணிந்த ஓர் அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்து, "இங்க விக்டோரியாங்கறது யாரு?" என்று கேட்டபோது எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தாங்க. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது நீங்கதானே?"

நான்தான். கழுத்தில் அலுவலக அடையாள அட்டையோடு நான் சிரிக்கும் படம். கீழே, "எழுதியவர்: ஆ. விக்டோரியா, தஞ்சாவூர்." மேலே தலைப்பு, "புதுப் போனில் தாழ் வாலட்டை மீட்பது எப்படி?" ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. கட்டுரையின் நடுவில் மட்டும் நான் எழுதாத ஒன்று இருந்தது: பன்னிரண்டு காலிக் கட்டங்கள், அவற்றுக்குக் கீழே ஒரு பச்சை பட்டன்.

"இந்தக் கட்டத்துல ஏதாவது போட்டீங்களா?"

"போடச் சொல்லி நீங்கதானே எழுதியிருக்கீங்க" என்றார்.

அவர் பெயர் ரஹ்மத்துன்னிசா. ஊர் அதிராம்பட்டினம். வீட்டிலேயே சில பெண்களை வைத்துத் தையல் யூனிட் நடத்துகிறார். தம்பி சிங்கப்பூரில் டிசைன் வேலை செய்கிறார். சில வெளிநாட்டு கம்பெனிகள் அவருக்குச் சம்பளத்தை டிஜிட்டல் காயினாகத் தரும். ஊரில் வீடு கட்டும் பொறுப்பு அக்காவுடையது என்பதால், அந்தக் காயின்களை அக்காவின் போனில் 'தாழ்' என்ற வாலட்டில் சேர்த்து வைத்திருந்தார்கள். தாழ் எங்கள் கிளையன்ட்.

வாலட் என்பது காயினுக்கான சாவியை வைத்திருக்கும் ஆப். பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள்தான் அந்தச் சாவி. சொற்கள் யார் கையில் இருக்கின்றனவோ, காசு அவருடையது. பாங்க் மாதிரி போன் போட்டு நிறுத்தச் சொல்ல ஆள் கிடையாது.

பழைய போன் உடைந்துபோக, ரஹ்மத்துன்னிசா புதுப் போன் வாங்கியிருக்கிறார். வாலட்டை மீட்பது எப்படி என்று தேடியிருக்கிறார். முதலில் வந்த தளத்தைத் திறந்து, சொன்னபடி பன்னிரண்டு சொற்களையும் போட்டு, பச்சை பட்டனை அழுத்தியிருக்கிறார். தம்பியின் சேமிப்பு முழுவதும் போய்விட்டது.

"மத்ததெல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. இது ஒண்ணுதான் தமிழ்ல. பொம்பள பேரு, தஞ்சாவூருன்னு வேற போட்டிருந்துச்சு. நம்ம பக்கத்துப் பொண்ணு, தப்பாவா சொல்லப்போகுதுன்னு போட்டேன்."

தமிழில் எழுத வேண்டும், எழுதியவரின் பெயரும் ஊரும் படமும் இருக்க வேண்டும், அப்போதுதான் ஆட்களுக்கு நம்பிக்கை வரும் என்று கிளையன்ட்டிடம் மல்லுக்கட்டி வாங்கியவள் நான். அவருக்கு நம்பிக்கை வந்திருந்தது.

"கட்டுரை என்னுதுதாங்க. ஆனா இந்த சைட் எங்களுது இல்ல. எவனோ அப்படியே திருடிப் போட்டிருக்கான்."

"அத நான் எப்படி நம்புறது?"

என் கம்ப்யூட்டரில் உண்மையான தளத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு வழியாகக் கட்டுரை வந்தது. அதே எழுத்து, அதே படம். கட்டங்கள் மட்டும் இல்லை. அவர் குனிந்து பார்த்தார்.

"தேடினா இது எங்க வரும்?"

தேடிக் காட்டினேன். முதல் பக்கத்தில் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை.

"அப்ப இது இருந்தும் இல்லாத மாதிரிதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கார்த்திக் சொன்ன காரணம்

தாழ் வாலட்டை உருவாக்கியவர் கார்த்திக். சென்னையில் வளர்ந்து பெங்களூரில் கம்பெனி நடத்துபவர். அவரைக் கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. முன்பு அவர் நடத்திய ஒரு தளத்தை, யாரோ கொடுத்த புகாரின் பேரில் டொமைன் என்னும் இணைய முகவரியை விற்ற நிறுவனம் விசாரணை ஏதும் இல்லாமல் முடக்கிவிட்டது. அதிலிருந்து சாதாரண டொமைன் என்றாலே அவருக்கு ஆகாது.

"மேடம், அவங்ககிட்ட டொமைன் வாங்கினா, அவங்க நினைச்ச அன்னிக்கு என் கழுத்தப் பிடிக்கலாம். எங்க சைட் எந்த ஒரு கம்ப்யூட்டர்லயும் இருக்காது. எல்லா இடத்துலயும் இருக்கும். யாராலயும் இறக்க முடியாது" என்று முதல் மீட்டிங்கிலேயே சொன்னார்.

இப்படிப்பட்ட பரவலாக்கப்பட்ட தளங்களில், பக்கங்கள் பல கம்ப்யூட்டர்களில் பிரிந்து கிடக்கும். முகவரி என்பது பெயர் அல்ல, உள்ளடக்கத்தின் கைரேகை. ஒரு கமாவை மாற்றினாலும் கைரேகை மாறும், முகவரியும் மாறும். அந்தப் பக்கத்தைச் சாதாரண பிரவுசரில் பார்க்க 'கேட்வே' என்னும் வாசல்கள் உண்டு. ஒரே கட்டுரை பல வாசல்களில் தெரியும்போது, எது அசல் என்று தேடுபொறிக்குத் தெரியாது. போதாக்குறைக்கு தாழ் தளம் முழுக்க ஜாவாஸ்கிரிப்ட், பிரவுசரில் அது ஓடி முடித்தால்தான் பக்கம் தெரியும். பக்கங்களைப் படித்துப் பட்டியலிடும் தேடுபொறியின் கிராலர் வந்து பார்த்தால் பெரும்பாலும் வெள்ளைத் திரைதான் கிடைக்கும்.

நிரந்தரமான ஒரு டொமைன், அதில் ஸ்கிரிப்ட் இல்லாத எளிய பக்கங்கள், எது அசல் என்று சொல்லும் கனானிகல் டேக். இந்த மூன்றையும் ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். பெயரைப் பற்றியும் எச்சரித்தேன். 'தாழ்' என்பதை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். அந்த எழுத்துக்கூட்டல்களில் உள்ள டொமைன்களை நாம் வாங்காவிட்டால் வேறு எவனாவது வாங்குவான் என்றேன். கொள்கைக்கு ஒத்துவராது என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார். கட்டுரைகளை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

திருடன் என்ன செய்திருந்தான் என்று ரஹ்மத்துன்னிசா வந்த அன்றைக்குப் பிரித்துப் பார்த்தேன். ழகரத்துக்குப் பதில் லகரம் ஒலிக்கும் எழுத்துக்கூட்டலில் ஒரு சாதாரண டொமைன். ஸ்கிரிப்ட் இல்லாத எளிய பக்கங்கள். கனானிகல் டேக் கச்சிதம். என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு வேலை பார்த்தவன் போல இருந்தான்.

ஸ்கோப்

எங்கள் முதலாளி கணேசன் சாரை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே கார்த்திக்கை ஸ்பீக்கரில் பிடித்தார். ரஹ்மத்துன்னிசா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப சாரிங்கம்மா. பிளாக்செயின்ல போன காச யாராலயும் திருப்ப முடியாது. அதோட டிசைனே அப்படித்தான்" என்றார் கார்த்திக்.

"திருப்பிக் குடுங்கன்னு உங்கள கேக்கல தம்பி. எனக்குப் போனது போச்சு. அடுத்த ஆளு அந்தக் கட்டத்துல போடக்கூடாது. அதுக்கு என்ன பண்ணப்போறீங்க?"

"எங்க சைட்ல பெருசா எச்சரிக்கை போடறோம்."

"உங்க சைட்டுக்கு யாரு வந்து அதப் பார்ப்பா?" என்று நான் குறுக்கிட்டேன். "ஒரே ஒரு டொமைன் குடுங்க கார்த்திக். ஒரே ஒரு பக்கம். இன்னிக்கே போட்டுடறேன்."

"என் ஒருத்தன் கையில இல்ல மேடம். ப்ரபோசல் வைக்கணும். வாலட் வச்சிருக்கற கம்யூனிட்டி பேசணும். அப்புறம்தான் ஓட்டு. எங்க எல்லா முடிவும் அப்படித்தான்."

"ஓட்டு முடியறவரைக்கும் இவங்கள மாதிரி வர்றவங்களுக்கு என்ன சொல்ல?"

கணேசன் சார் மைக்கை மூடிவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "விக்டோரியா, பாவமாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம ஸ்கோப் இல்லம்மா. ராங்கிங் நம்ம வேலை. ஃப்ராடப் பிடிக்கறது போலீஸ் வேலை."

"முதல் இடத்துல என் மூஞ்சி இருக்கு சார். அதவிட என்ன ஸ்கோப் வேணும்?" என்றேன்.

படத்துல இருக்கறது நீங்க

தேடுபொறிக்குக் காப்புரிமைப் புகார் அனுப்பினேன். அசல் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். முகவரி கொடுத்தேன். அந்த முகவரியில் அப்படி ஒரு கட்டுரை காணவில்லை என்று பதில் வந்தது. கிராலருக்கு வெள்ளைத் திரை கிடைத்திருக்கும். வேறொரு வாசலின் முகவரியைக் கொடுத்தேன். அதற்குள் கார்த்திக்கின் ஆட்கள் தளத்தைப் புதுப்பித்துவிட்டதால் அந்தக் கைரேகை பழையதாகிவிட்டது. தேடுபொறியின் கணக்கில் திருடன்தான் முதலில் எழுதியவன். நான் அவனிடமிருந்து காப்பியடித்தவள்.

சைபர் க்ரைம் புகாருக்கு ரஹ்மத்துன்னிசாவோடு நானும் போனேன். அங்கே இருந்த எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டார். போனை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"படத்துல இருக்கறது நீங்க. எழுதுனதும் நீங்க. உங்க கம்பெனிக்குக் காசு கொடுக்கறது அந்த வாலட்காரங்க. சரிதானே?"

சரிதான். எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்று புரிந்துவிட்டது. இத்தனை வருடம் தொழிலில் இருக்கிறேன், ஒரு பக்கத்தின் கீழே என் பெயர் இருப்பதற்காகப் பயந்தது அன்றுதான்.

நான் வாயைத் திறக்குமுன் ரஹ்மத்துன்னிசா பேசினார். "இவங்க இல்ல சார். இவங்களா இருந்தா என்கூட இங்க எதுக்கு வரப்போறாங்க?"

முதலில் என்னைத் திருடி என்று நினைத்துப் படியேறி வந்தவர் அவர். புகாரைப் பதிந்துகொண்டார்கள். வெளியே வந்ததும் டீ சொன்னேன். அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "அந்தத் திருடன் முதல் இடத்துல வந்தான்ல, எப்படி வந்தான்? அதே மாதிரி நீங்க வர முடியாதா?"

அங்கேதான் எனக்கு வேலை துவங்கியது.

என் பக்கம்

எனக்கென்று சொந்தமாக ஒரு டொமைன் இருந்தது. எஸ்இஓ படிக்கும் பிள்ளைகளுக்காகத் தமிழில் பாடங்கள் எழுதி வைத்திருந்தேன். அழகில்லாத தளம். ஆனால் பழையது, தேடுபொறிக்கு நன்கு பழக்கப்பட்டது.

அதில் ஒரு பக்கம் போட்டேன். தலைப்பு: "தாழ் வாலட்: பன்னிரண்டு சொற்களைக் கேட்கும் தளம் போலி." ஆங்கிலத்தில் எத்தனை விதமாக அந்தப் பெயரை அடிப்பார்களோ, அத்தனையும் பக்கத்தில் இருக்கும்படி எழுதினேன். திருட்டுத் தளத்தின் படத்தைப் போட்டு, கட்டங்களைச் சிவப்பில் வட்டமிட்டேன். "இந்தப் படத்தில் இருப்பவள் நான். இந்தக் கட்டங்களை வைத்தவள் நான் இல்லை. உங்கள் சொற்களை எங்கேயும் போடாதீர்கள், நானே கேட்டாலும் போடாதீர்கள்" என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். கீழே என் பெயர், என் ஊர், அதே படம்.

ரஹ்மத்துன்னிசாவுக்கு நடந்ததையும் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. பெயரை மாற்றிப் போடுகிறேன் என்றேன்.

"எதுக்கு மாத்தணும்? என் பேரப் போடுங்க. ஏமாத்துனவன் முதல் இடத்துல உக்காந்திருக்கான். ஏமாந்தவ நான் எதுக்கு ஒளியணும்?"

அவர் பேசியதைப் பதிவுசெய்து, பேச்சு மாறாமல் அப்படியே எழுதினேன். சிங்கப்பூரிலிருந்து தம்பி எனக்கு போன் செய்து கொதித்தார். அக்கா பேர் ஊரெல்லாம் அடிபடும், எடுத்துவிடுங்கள் என்றார். ரஹ்மத்துன்னிசாவிடம் சொன்னேன். "காசு அவனுது. அதுக்கு அவன் என்ன திட்டினாலும் கேட்டுக்கறேன். பேரு என்னுது" என்று முடித்துவிட்டார்.

மற்ற தளங்கள் லிங்க் கொடுத்தால்தான் தேடுபொறியில் ஒரு பக்கம் மேலே ஏறும். லிங்க் எதையும் நான் விலைக்கு வாங்கவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளிடம், "படிச்சுப் பாருங்க, உண்மைன்னு பட்டா லிங்க் குடுங்க" என்று மட்டும் எழுதினேன். சென்னையிலும் கோவையிலும் வேலை பார்ப்பவர்கள் தங்கள் பிளாக்குகளில் போட்டார்கள். திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் ஆசிரியையாக இருக்கும் என் பழைய மாணவி, கல்லூரித் தளத்திலேயே போட வைத்தார். தையல் யூனிட் பெண்கள் அதிராம்பட்டினத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். ஜனங்கள் வந்து நின்று படித்தார்கள்.

என் பக்கம் மூன்றாம் பக்கத்தில் தெரிந்தது. பிறகு இரண்டாம் பக்கம். ஒரு காலையில் அலுவலகம் வந்து தேடினேன். திருடனுக்கு நேர் மேலே நான் இருந்தேன்.

பேஜா, வேலையா?

அன்று மாலையே கார்த்திக் அழைத்தார். கணேசன் சார் ஸ்பீக்கரைப் போட்டார்.

"மேடம், என்ன இது? எங்க பேரத் தேடினா முதல் ரிசல்ட்ல 'போலி'ன்னு வருது. பாதிப் பேர் முழுசாப் படிக்காம நாங்கதான் போலின்னு நினைக்கறாங்க. யூசர்ஸ் ஓடறாங்க."

"ஓடட்டும் கார்த்திக். கட்டத்துல போடாம ஓடறாங்கல்ல?"

"கிளையன்ட் பத்தி வெளிய எழுதக்கூடாதுன்னு கான்ட்ராக்ட்ல இருக்கு. தயவுசெஞ்சு இறக்கிடுங்க."

"உங்களப் பத்தி ஒரு வரி தப்பா இருந்தா சொல்லுங்க, இப்பவே திருத்தறேன். இறக்க மாட்டேன்."

"அப்ப நாங்க வக்கீல் மூலமாத்தான் பேசணும்."

"பேசுங்க. உங்க சைட்ட யாராலயும் இறக்க முடியாதுன்னு பெருமையாச் சொல்வீங்கல்ல, என் பேஜையும் அப்படியே நினைச்சுக்குங்க."

அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார். கணேசன் சார் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்களிடம் இருந்த கிளையன்ட்டுகளில் தாழ்தான் பெரியது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அவர்தான் சம்பளம் போட வேண்டும். அவருடைய கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல.

"ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. பேஜா, வேலையா?"

"பேஜ் சார்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிட்டேன். அதுல என் மூஞ்சி இருக்கு. நான் வேலைய விட்டாலும் அந்த மூஞ்சியோடதான் சார் வெளிய போகணும்."

"சரி, டீ குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன். அன்றே ராஜினாமாவை மெயிலில் அனுப்பினேன். கிளையன்ட்டைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு அது உதவியிருக்கும். அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் சொன்னது சரி என்றும் நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு நடந்தது

வல்லத்தில் என் வீட்டு முன்னறையில் மேசை போட்டுத் தனியாகத் தொழிலைத் தொடங்கினேன். என் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பலர் போன் செய்தார்கள். காரைக்காலிலிருந்து பேசிய ஒருவர், "பதினோரு வார்த்தை அடிச்சிட்டேன் மேடம். கடைசி வார்த்தை சந்தேகமா இருந்துச்சு, தாழ் வாலட்னு போட்டு மறுபடி தேடினேன், உங்க பேஜ் வந்துச்சு" என்றார். சொல்லி முடித்துவிட்டு அவர் அழுதார். அந்த ஓர் அழைப்புக்காக அந்த வேலையை நூறு முறை விடலாம்.

திருடனுக்கு இடம் கொடுத்திருந்த வெளிநாட்டு சர்வர் கம்பெனிக்கு, போன் செய்தவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்து அனுப்பினேன். தளத்தை இறக்கினார்கள். அவன் வேறொரு எழுத்துக்கூட்டலில் திரும்பி வந்தான். அந்த எழுத்துக்கூட்டல் என் பக்கத்தில் முன்பே இருந்தது. அவன் அடுத்து எங்கே வருவான் என்று எனக்குத் தெரியாதா? ஆட்கள் எந்தெந்தச் சொல்லில் தேடுவார்கள் என்ற கீவேர்ட் ரிசர்ச் முழுக்கச் செய்தவள் நான். இரண்டாம் முறை அவனால் முதல் பக்கத்துக்கே வர முடியவில்லை.

பல வாரங்கள் கழித்து கார்த்திக்கிடமிருந்து போன் வந்தது. வக்கீலைப் பற்றிப் பேச்சே இல்லை.

"மேடம், ஓட்டு ஜெயிச்சிடுச்சு. டொமைன் வாங்கறோம். நீங்க வந்து பண்ணித் தருவீங்களா?"

"எல்லா எழுத்துக்கூட்டலுக்கும் டொமைன் வாங்கணும். ஸ்கிரிப்ட் இல்லாத பேஜ் வேணும். அந்த ரிப்போர்ட்ல இருக்கற எல்லாம் வேணும்."

"சரி."

"என் பேஜ் அப்படியே இருக்கும்."

பெருமூச்சு கேட்டது. "சரி மேடம். அடுத்த ஆளு போடாம இருக்க என்ன பண்ணப்போறீங்கன்னு அந்தம்மா கேட்ட கேள்வியத்தான் நான் ப்ரபோசல்ல முதல் வரியாப் போட்டேன். அதுக்குத்தான் ஓட்டு விழுந்துச்சு."

செய்து கொடுத்தேன். பரவலாக்கப்பட்ட தளம் தன் வழியில் இருக்கிறது. அதன் வாசல்கள் எல்லாம் அசல் என்று இந்த டொமைனையே காட்டுகின்றன. இன்று தேடினால் தாழின் உண்மையான தளம் முதலில் வரும். அதற்குக் கீழே என் பக்கம்.

ரஹ்மத்துன்னிசாவின் தம்பி சேர்த்தது திரும்பி வரவில்லை. கடல் தாண்டி எத்தனையோ கை மாறிப் போய்விட்டது என்று சைபர் க்ரைமில் சொன்னார்கள். வீடு அஸ்திவாரத்தோடு நிற்கிறது. தம்பி அக்காவிடம் மறுபடி பேசப் பல மாதங்கள் ஆயின. உறவுக்காரர்கள் கல்யாண வீடுகளில் அவர் காதுபடவே பேசினார்கள். ஆனால் பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பெண்கள், போனில் எதையாவது அழுத்துவதற்கு முன் இப்போது அவரிடம்தான் வந்து காட்டுகிறார்கள்.

சமீபத்தில் எனக்கு ஒரு மெயில் வந்தது. புதிதாக ஒரு காயின் கொண்டுவரும் கம்பெனி. என் எச்சரிக்கைப் பக்கத்துக்கு வாலட் சம்பந்தமான தேடல்களில் நல்ல இடம் இருப்பதால், அதில் தங்கள் லிங்க் ஒன்றை வைக்க எவ்வளவு தொகை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஜனங்களுக்கு அந்தப் பக்கத்தின்மேல் நம்பிக்கை இருப்பதாக வேறு பாராட்டியிருந்தார்கள். 'முடியாது' என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன்.

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். செயின், டோக்கன், கேட்வே என்று கிளையன்ட் எத்தனை புதுச் சொல் சொன்னாலும் பயப்படாதீர்கள். மறுமுனையில் தேடுபவர் ஒரு மனிதர், அவர் முதலில் வருவதைத்தான் திறப்பார். அங்கே எது நிற்கிறது என்று தினமும் நீங்களே தேடிப் பாருங்கள். தப்பானது நின்றால் அதைத் தள்ளிவிட்டு ஏறுங்கள். யாருடைய ஸ்கோப் என்று முதலாளி கேட்டால் கேட்கட்டும், ஏறிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.